ஜூலையில் தொட்டி மாற்றிய மெர்வின்

வேலை முடிந்து நோலீன் டாசெல் வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறை மேசைமேல் ஒரு வாளி இருந்தது. வாளி என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது பூந்தொட்டி. அதன் நடுவில், அப்பாவின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி, அவளுடைய பீஸ் லில்லி நின்றுகொண்டிருந்தது.

கையுறையைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே லான்செஸ்டன் முழுவதும் ஆற்றுப் பனி இறங்கிக் கிடந்தது. காலையில் கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிய கை இன்னும் விறைப்பாகவே இருந்தது. ஜூலை மாதம், பூமியின் தென்பாதியில் நடுக் குளிர்காலம். செடிகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்போது வெயில் வரும் என்று காத்துக்கிடக்கிற மாதம்.

"மெர்வின்!"

கணப்புக்குப் பக்கத்தில் செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. மெர்வின் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். நகக்கண்ணெல்லாம் மண்.

"பாத்தியா? நல்லா இருக்குல்ல?"

"இத எதுக்கு எடுத்த?"

"அது ரொம்ப நாளா வளரவே இல்ல நோல். நெருக்கடில மாட்டிக்கிட்டு இருந்திச்சு. அதான் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னு."

"குளிர்காலத்துல எதுவும் வளராது மெர்வ். நீ வளர்றியா?"

"நான் வளர்றேன்," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

நோலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். களிமண். கொல்லையில் உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து வெட்டி எடுத்த மண். மழையில் ஊறி, உருட்டினால் உருண்டை பிடிக்கும் பதத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு மண்புழு தலையை நீட்டி, இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போனது.

மார்ச் மாதம்வரை மெர்வின் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். வாலிபத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, தலை நரைத்த பிறகுதான் விட்டது. ஓய்வு பெற்ற முதல் மாதம் தூங்கினான். அடுத்த மாதம் வீட்டில் பழுதாக இருந்ததையெல்லாம் சரி செய்தான். அதற்கடுத்து, பழுதாகாததையும் சரி செய்தான். கதவுகள் எல்லாம் எண்ணெய் குடித்தன. கூரைத் தண்ணீர்க் குழாயில் ஓர் இலை விழுந்தால் ஏணியோடு ஓடினான். ஜூன் முடிவதற்குள் கை வைக்க வீட்டில் எதுவுமே மிஞ்சவில்லை. அப்போதுதான் அவன் கண் பின்பக்கத்துக் கண்ணாடி அறையின் மேல் விழுந்தது.

கண்ணாடி அறை நோலீனுடையது. மூன்று பக்கமும் ஜன்னல். தட்டுத்தட்டாக அவள் செடிகள். நாய் பூனை ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்து, 'என் பூனை ரப்பர் பேண்டை விழுங்கிடுச்சு' என்று அழுகிறவர்களுக்கும் 'டாக்டர் இன்னும் எவ்வளவு நேரம்' என்று உறுமுகிறவர்களுக்கும் பதில் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, வாய் பேசாத அந்தச் செடிகளோடு ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பதுதான் நாளின் முடிவு. எந்தத் தொட்டியையும் அவள் சும்மா மாற்ற மாட்டாள். அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்க வேண்டும். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் அப்படியே கீழே ஓட வேண்டும். அதுவும் செப்டம்பர் தாண்டி, கொழுந்து விடத் தொடங்கிய பிறகுதான். புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு விரல்கடை அகலம். அதற்குமேல் கூடாது.

இதையெல்லாம் அன்று மாலை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவனுக்குச் சொன்னாள். மெர்வின் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு,

"இடம் அதிகமா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? நாப்பது சீட்டு பஸ்ல நாப்பது பேருமா எப்பவும் வர்றாங்க? காலியா ஓடினா பஸ் அழுகிடுதா?" என்றான்.

"பஸ்ஸுக்குள்ள யாராவது தண்ணி ஊத்துறாங்களா?"

"சனிக்கிழமை ராத்திரி ட்ரிப்ல வந்து பாரு."

"மெர்வின், நான் வெளையாடல. வேர் போகாத எடத்துல மண்ணு காயாது. ஈரமாவே கெடக்கும். வேர் அழுகிப் போகும். புரியுதா?"

"புரியுது, புரியுது."

அவனுக்குப் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. பேருந்தில் ஏறிய ஒரு கிழவர் தப்பான நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், வாதம் செய்யாமல் தலையாட்டுவானே, அதே தலையாட்டல்.

பீஸ் லில்லி இரண்டு வாரத்தில் மஞ்சள் அடித்தது. இலைகள் வாடித் தொங்கின. வாடியதைப் பார்த்த மெர்வின் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினான். தொட்டியிலிருந்து குட்டிக் கறுப்புக் கொசுக்கள் கிளம்பி நோலீனின் தேநீரில் விழுந்து செத்தன. அவள் செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் முழுவதும் பழுப்பாகக் குழைந்து, விரலால் இழுத்தால் தோல் கையோடு வந்தது. நாற்றம் வேறு. அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மோந்து பாரு."

"சே!"

"இதான் தாராளம்."

மெர்வின் முகம் விழுந்துவிட்டது. "உதவியா இருக்கட்டும்னுதானே செஞ்சேன்," என்றான். நோலீனுக்குச் சங்கடமாகப் போயிற்று. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. ஒருவனை நிம்மதியாகத் திட்டக்கூட விடாமல் பாவமாக நிற்பது என்ன நியாயம்?

இதில் எண்ணெய் ஊற்றியவள் பக்கத்து வீட்டு இனேக்கா. சின்ன வயதிலேயே ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தவள். கணவன் போன பிறகு தனியாக இருக்கிறாள். மெர்வினிடம் ஒரு வயலட் செடியைக் கொடுத்து தொட்டி மாற்றித் தரச் சொல்லியிருக்கிறாள். அது என்ன அதிர்ஷ்டமோ பிழைத்துக்கொண்டது. வேலிக்கு மேலே பட்டை மணக்கும் பிஸ்கட்டுத் தட்டை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

"உன் புருஷனுக்குக் கை ராசி நோலீன். நீ குடுத்து வெச்சவ."

"இனேக்கா, தயவு செஞ்சு அவர்கிட்ட இப்படிச் சொல்லாத."

"ஏன்? உண்மையத்தானே சொல்றேன்?"

"நீ ஒரு செடியைப் பாத்து சொல்ற. நான் குப்பைல போட்டத பாத்து சொல்றேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் இனேக்காவின் முகத்தில் ஓர் அர்த்தமுள்ள பார்வை தெரிந்தது. பொறாமை என்று நினைக்கிறாளாக்கும். நோலீன் பிஸ்கட்டைக் கடித்தாள். நன்றாக வேறு இருந்து தொலைத்தது.

ஆகஸ்டில் ஹோயா மொட்டு வைக்கத் தொடங்கியது. அந்தக் கொடி பூப்பதற்காக நோலீன் வருடக்கணக்கில் காத்திருந்தவள். வேர் நெருக்கிப் பிடித்தால்தான் அது பூக்கும். பழைய காம்பிலேயே மறுபடி மறுபடி பூக்கும். தொட்டியை அசைத்தால், திருப்பி வைத்தால்கூடக் கோபித்துக்கொண்டு மொட்டை உதிர்த்துவிடும். வேலைக்குக் கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மெர்வ், அந்த ஹோயாவைத் தொடாத. கேட்டியா? பக்கத்துலகூடப் போகாத."

"தொடல."

"சத்தியமா?"

"ஹோயாவைத் தொட மாட்டேன். போ, உனக்கு நேரமாச்சு."

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மாலையில் அவள் வந்து பார்த்தபோது ஹோயா மட்டும் காலையில் இருந்த இடத்திலேயே, இருந்த தொட்டியிலேயே இருந்தது. மற்ற எல்லாச் செடிகளும் புதுத் தொட்டிக்குக் குடிபோயிருந்தன. மணி பிளான்ட், மருள், ஸ்பைடர் செடி, கொழுத்த இலை ஜேட், எல்லாமே. எல்லாம் ஒரே அளவு. எல்லாம் வாளி அளவு. சனிக்கிழமை ஹார்டுவேர் கடை வாசலில் விற்கிற சாசேஜ் ரொட்டி தின்னப் போனவன், கார் டிக்கி நிறைய தொட்டியோடு வந்ததற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. 'தக்காளி போடப் போறேன்' என்றல்லவா சொன்னான்!

நோலீன் கண்ணாடி அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மண்ணு இந்தத் தடவை கடையில வாங்கின மண்ணு," என்றான் மெர்வின் கதவருகிலிருந்து. "களிமண்ணு இல்ல. நீ சொன்னத மனசுல வெச்சுக்கிட்டேன்."

"நான் சொன்னது…" என்று பக்கத்திலிருந்த வாளித் தொட்டியைக் காட்டினாள். "நான் தொடாதன்னு சொன்னேன்."

"ஹோயாவைச் சொன்ன. அத நான் தொடல."

"அப்ப மத்ததெல்லாம் தொடுன்னு அர்த்தமா?"

"சொல்லலையே."

"நாளைக்கு நான் 'பாலத்துலேர்ந்து குதிக்காத'ன்னு சொல்லாம விட்டா குதிச்சிடுவியா?"

"அது எந்தப் பாலம்ங்கிறதப் பொறுத்து," என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஆட்டுக்கறித் துண்டுகளும் பட்டாணியும் தட்டில் ஆறிக் கிடந்தன. படுக்கப் போகும் முன் நோலீன் மகள் கெரினுக்குத் தொலைபேசினாள். கெரின் டெவன்போர்ட்டில் பள்ளி ஆசிரியை.

"உங்கப்பாவ வந்து கூட்டிட்டுப் போயிடு. ஒரு மாசம். ரெண்டு மாசம். உன் வீட்டுல என்ன வேணா தொட்டி மாத்தட்டும்."

"எங்க வீட்டுல செடியே இல்லம்மா. எல்லாம் பிளாஸ்டிக்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

கெரின் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கிச் சொன்னாள்: "அம்மா, அப்பா போன வாரம் எனக்கு போன் பண்ணினார். பஸ்ல போயிட்டு வந்தாராம். வேலை இல்லாம, சும்மா, டிக்கெட் எடுத்துக்கிட்டு. அவர் ஓட்டின அதே ரூட்ல. டிரைவர் புது ஆளாம். யாருக்கும் அவரத் தெரியலையாம்."

நோலீனிடம் அவன் இதைச் சொல்லவில்லை. கடைவீதிக்குப் போய்வந்ததாகத்தான் சொன்னான். இப்போது அவனைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. போனை வைத்துவிட்டு வந்து கட்டிலில் அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.

விடுமுறை நாளில் இருவரும் கண்ணாடி அறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் பழைய தொட்டிக்கே திருப்ப வேண்டும். நல்லவேளை, மெர்வின் எந்தப் பொருளையும் தூக்கிப் போடாதவன், பழைய தொட்டிகளைக் கழுவி அடுக்கியே வைத்திருந்தான். நோலீன் ஒவ்வொரு செடியாகக் கவிழ்த்துப் பிடித்து, தட்டி, உதறி, வேரைப் பார்த்தாள்.

"இந்த ஜேட் பாரு. எவ்ளோ சின்ன வேர். இதுக்கு இவ்ளோ பெரிய குளமா?"

"சரி."

"கழுத்து வரைக்கும் மண்ணப் போட்டிருக்க. தண்டு முன்னாடி எந்த அளவுக்கு வெளிய இருந்திச்சோ அந்த அளவுக்குத்தான் இருக்கணும். புதைச்சா அழுகும்."

"சரி."

"என்ன எல்லாத்துக்கும் சரி சரிங்கிற?"

"வேற என்ன சொல்லணும் நோல்? நீ சொல்றது சரிதானே."

அவன் இப்படிச் சண்டைக்கு வராமல் இருப்பதுதான் பெரிய கொடுமை. மருளை எடுத்தபோதுதான் அவள் பழைய தொட்டி அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பழைய பிளாஸ்டிக் தொட்டி அங்கே துண்டு துண்டாகக் கிடந்தது. வேர் தொட்டியையே பிளந்திருந்தது, அவன் கத்தரியால் வெட்டித்தான் பிரித்திருக்கிறான். அதற்கு உண்மையிலேயே பெரிய தொட்டி வேண்டியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அதை மட்டும் பெரிய தொட்டியிலேயே விட்டு ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

மெர்வின் பார்த்தான். காது மடல் வரை சிரிப்பு ஏறியது.

பிறகு கூடத்து மூலையில் நின்ற ரப்பர் செடியின் கதை வந்தது.

மெர்வின் தலைக்குமேல் ஒரு சாண் உயரம் அது. நோலீனிடம் நெடுநாளாக இருப்பது. அது நின்ற தொட்டி அவள் கையால் செய்தது. எப்போதோ ஒரு குளிர்காலத்தில் சமூகக் கூடத்தில் மாலை வகுப்புக்குப் போய் மண்பாண்டம் செய்யப் பழகினாள். கோணல் கிண்ணங்கள், பிடி உடைந்த கோப்பைகள், மூடாத மூடிகள். அதற்கெல்லாம் நடுவில் இந்த ஒன்று மட்டும் எப்படியோ சரியாக வந்தது. உருண்ட வயிறு, ஒடுங்கிய கழுத்து, கடல் நிறப் பூச்சு. சொல்லிக்கொடுத்தவளே சூளையைத் திறந்து வாய்பிளந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்த சந்தோஷத்தில், யோசிக்காமல் அதில் ஒரு சின்ன ரப்பர் கன்றை நட்டுவிட்டாள். ஒடுங்கிய கழுத்துப் பானையில் செடி வைத்தால் பிறகு எடுக்க முடியாது என்பது செடி வளர்க்கிற யாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். நட்ட பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் கடைசியில் ரப்பர் செடி இலை உதிர்த்தது. நோலீன் கணப்பின் சூட்டைக் குறை சொன்னாள். அக்டோபரில் இன்னும் உதிர்ந்தது. மெர்வின் ஊற்றியதையே மறந்து திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றுகிறான் என்றாள்.

"நான் ஊத்துறதே இல்ல நோல். நீதான் கிட்டப் போகக் கூடாதுன்னுட்டியே."

"அப்ப ஊத்தாததனாலதான்."

ஒருநாள் அவள் தரைவிரிப்பைக் கூட்டும் இயந்திரத்தோடு மூலைக்குப் போனபோது இயந்திரத்தின் குழாய் தண்டில் லேசாகப் பட்டது. அவ்வளவுதான். செடி அப்படியே சாய்ந்து அவள்மேல் விழுந்தது. இலைகளுக்கு நடுவிலிருந்து அவள் போட்ட சத்தத்தில் மெர்வின் கொல்லையிலிருந்து ஓடிவந்தான். தொட்டி உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அவள் அதை அந்தக் காலத்தில் அவ்வளவு தடிமனாகச் செய்திருந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. தூக்கு. என்னை இல்ல, அத."

நிறுத்திவைத்துவிட்டு மெர்வின் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து மண்ணில் ஊற்றினான். மண் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். மேலே வேர் பின்னிக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே நிற்கவே இல்லை. கீழ்த் தட்டை நிரப்பி, வழிந்து, தரைவிரிப்பில் கோலம் போட்டது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். வாயைத் திறந்து சொல்லட்டும், திருப்பிக் கொடுக்கலாம் என்று. அவன் சொல்லவில்லை. துணியை எடுத்துவந்து விரிப்பைத் துடைத்தான்.

"சொல்லேன்," என்றாள்.

"என்ன?"

"தொட்டி மாத்தணும்னு சொல்லேன். நாலு மாசமா அதத்தானே சொல்லிக்கிட்டிருக்க. இப்ப மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

மெர்வின் துணியைப் பிழிந்தான். "இது உன் பானை நோல். நான் கை வைக்க மாட்டேன்."

இந்த மனிதனை என்ன செய்வது! வைக்காதே என்றால் வைக்கிறான், வைக்க வேண்டிய நேரத்தில் வைக்க மாட்டேன் என்கிறான்.

கை வைக்க மாட்டேன் என்றானே தவிர, பானையை உடைக்காமல் செடியை எடுக்கும் வழிகளையெல்லாம் அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை செடியைக் கொல்லைக்கு நகர்த்தினார்கள். வேலிக்கு மேல் இனேக்காவின் தலை உடனே முளைத்தது. மெர்வின் தண்ணீர்க் குழாயைப் பானையின் கழுத்துக்குள் விட்டு மண்ணைக் கரைக்கப் பார்த்தான். கரைய மண் இல்லை. பழைய ரொட்டிக் கத்தியை விளிம்போரமாக இறக்கி அறுத்தான். கத்தி மாட்டிக்கொண்டது. கத்தியை எடுக்க ஒரு இடுக்கி, இடுக்கியைப் பிடிக்க நோலீன், செடியைப் பிடிக்க இனேக்கா. இனேக்கா வேலியைச் சுற்றி ஓடியே வந்துவிட்டாள். வெட்டுப்பட்ட இடத்திலெல்லாம் வெள்ளைப் பால் வடிந்து மூவர் கையிலும் பிசுபிசுவென்று ஒட்டியது. மெர்வின் தண்டைக் கட்டிப்பிடித்து இழுத்தான், நோலீன் பானையைக் கட்டிப்பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள்.

"கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊத்தினா…" என்றாள் இனேக்கா.

"இது மோதிரம் இல்ல இனேக்கா!"

"எங்க அத்தை மோதிரம் அப்படித்தான்—"

"இனேக்கா!"

மெர்வின் உட்கார்ந்துவிட்டான். சட்டையெல்லாம் பால், முழங்காலெல்லாம் சேறு. "வேணும்னா செடியோட தலையை வெட்டி, அதுலேர்ந்து புதுசா ஒண்ணு வேர் விட வைக்கலாம். பானை தப்பிச்சிடும். நீ சொன்னா செய்றேன்," என்றான்.

நோலீன் பானையைப் பார்த்தாள். கடல் நிறம் வெயிலில் நன்றாகத்தான் இருந்தது. செடியைப் பார்த்தாள். அடியில் பாதி இலை இல்லை, மீதியும் மஞ்சள். இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும். தண்ணீர் நிற்கவில்லை என்று தெரியும், தண்டு ஆடுகிறது என்று தெரியும். தெரிந்தும் கணப்பையும் புருஷனையும் குறை சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவன்மேல் வந்த எரிச்சல் அத்தனையும் இப்போது அவள்மேலேயே திரும்பியது. அது இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

ஷெட்டுக்குப் போனாள். சுத்தியலோடு வந்தாள்.

"நோல், யோசிச்சுக்க."

"தள்ளு."

முதல் அடிக்குப் பானை 'ணங்' என்றது. உடையவில்லை. இரண்டாவது அடிக்கு ஒரு சில்லு தெறித்தது. "என்ன எழவுக்கு இவ்ளோ தடிமனா செஞ்சேன்!" என்று கத்திக்கொண்டே அவள் மாறி மாறி அடித்தாள். மெர்வின் இனேக்காவை இழுத்துக்கொண்டு பின்னால் போனான். ஒருவழியாக வயிற்றில் விரிசல் ஓடி, பானை இரண்டாக விழுந்தது.

உள்ளே மண்ணே இல்லை. வேர்தான். பானையின் அதே உருண்ட வயிறு, அதே ஒடுங்கிய கழுத்து, அடியில் அவள் விரலால் குத்திய துளையின் வடிவம்கூட, எல்லாம் வேராலேயே வார்த்துவைத்த மாதிரி நின்றது.

"இது எப்படி உயிரோட இருந்திச்சு?" என்றாள் இனேக்கா.

"பிடிவாதம்," என்றாள் நோலீன்.

மெர்வின் இருமினான். அது இருமல் இல்லை.

அதன் பிறகு நோலீன் கட்டளையிட, மெர்வின் வேலை செய்தான். சுற்றிச் சுற்றிப் போன வேரை அறுத்து, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்தான். மரப்பட்டைத் தூளும் கடை மண்ணும் கலந்தான். தொட்டி எந்த அளவு என்று கேட்டபோது அவள் சொல்வதற்கு முன்பே தானே வேர்ப்பந்தின் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து அளந்தான். வாளித் தொட்டிகளில் ஒன்று சரியாக இருந்தது. நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். பேருந்தை நிறுத்தக் கோட்டில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்க்கிற அதே பார்வை. ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, வெயில் நேராக விழாத இடத்தில் வைத்தார்கள். உரம் போடலாமா என்று இனேக்கா கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் "கூடாது" என்றார்கள்.

ரப்பர் செடி இன்னும் நான்கைந்து இலைகளை உதிர்த்தது. நோலீன் தினமும் அதைக் கடந்துபோகும்போது முறைத்தாள். மெர்வின் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, "ஈரம் இருக்கு, இன்னிக்கு வேணாம்," என்று அவளிடம் அறிக்கை சொன்னான். அவள் கேட்காமலே சொன்னான். காலையிலும் சொன்னான், மாலையிலும் சொன்னான். தெருவில் மற்றவர்களும் இனேக்கா வாய் மூலம் கேள்விப்பட்டு செடிகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கொல்லையில் மெர்வின் ஒரு பெஞ்சு அடித்துக்கொண்டான். வருகிறவர்களிடம் முதலில், "இதுக்கு மாத்தவே வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க," என்று சொல்லிப் பழகினான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த கண்டிப்பை நோலீன் ஜன்னல் வழியாகக் கேட்டாள். யார் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

டிசம்பரில் ஒருநாள், கிறிஸ்துமஸுக்கு முன்பு ஊரில் இருக்கிற நாயெல்லாம் எதையாவது தின்று தொலைக்கும் வாரம். ஆஸ்பத்திரி முன்னறையில் நிற்க இடமில்லை. ஒரு நாய் சாக்லேட் பெட்டியைத் தின்றிருந்தது, இன்னொன்று அலங்கார விளக்கு ஒயரைத் தின்றிருந்தது. நோலீனின் இரண்டு காதிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மெர்வின் அழைத்தான்.

"நோல், கூம்பு விரிஞ்சிடுச்சு. ரப்பர் செடில. செவப்பு உறை கழண்டு இலை வந்திடுச்சு. உன் உள்ளங்கை அளவு இருக்கு."

"மெர்வின், இங்க என் தலைக்குமேல எட்டு நாய் குரைக்குது. இதச் சொல்லவா போன் பண்ண?"

"ஆமா."

ஒயர் தின்ற நாயின் சொந்தக்காரி மேசையைத் தட்டினாள். நோலீன் அவளுக்கு ஒரு விரலைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள். "ஜன்னல் பக்கமா, செவுத்துப் பக்கமா?"